செருப்புக்குக் காவல்

எழுபதுகளின் தொடக்கத்தில் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. தஞ்சாவூரில் காலை பாசஞ்சர் பிடித்து வந்து இறங்கி, பஸ் இருந்தால் பஸ், இல்லாவிட்டால் வரப்பு. வயசு இருபத்து நாலு. ஆசிரியர் பயிற்சியில் குழந்தை மனோதத்துவப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் நான்தான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என்னைக் கவிழ்த்தது அந்த மார்க்தான்.

எங்கள் ஹெட்மாஸ்டருக்கு ஏதாவது புதுசு புதுசாகச் செய்துகொண்டே இருக்கவேண்டும். சென்னையில் ஒரு வெளிநாட்டு நூலகம் பள்ளிக்கூடங்களுக்கு சினிமாச் சுருள் இரவல் தருகிறது என்று எங்கேயோ படித்துவிட்டு ஒரு கார்டு எழுதிப் போட்டார். யானை, சிங்கம் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். தகரப் பெட்டியில் வந்தது ஒரு பொம்மலாட்டப் படம். பேசுகிற பாஷை எங்களில் யாருக்கும் புரியவில்லை. கூடவே இங்கிலீஷில் கதைச் சுருக்கம் நாலு பக்கம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, படம் ஓடும்போதே தமிழில் கதை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதற்கு முன்னால் இது குழந்தைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பும் விழுந்தது. மனோதத்துவம் படித்தவளாயிற்றே!

ப்ரொஜெக்டர் வட்டார வளர்ச்சி அலுவலகத்துடையது. ஊர் ஊராக உரப் படமும் குடும்பக் கட்டுப்பாட்டுப் படமும் காட்டுகிற மிஷின். அதற்கென்று ஓர் ஆபரேட்டர். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஹால் ஜன்னல்களில் நெல் சாக்கைக் கட்டி இருட்டாக்கி, நாங்கள் நாலு பேர் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம். நான், ஹெட்மாஸ்டர், ஆபரேட்டர், அப்புறம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். தலைவர் அந்த ஊர் மிராசுதார். ஆளும் கட்சியிலும் பதவி, ஆற்றோரம் நாலு வேலி நஞ்சையும் உண்டு.

கதை இதுதான். வெயிலே இல்லாத ஒரு சதுப்பு நாடு. அதற்கு ஒரு கிழட்டு ராஜா. தனக்குச் சாவு வரக்கூடாது என்று மற்றவர்களுடைய நிழலைக் கறந்து குடிப்பவன். நிழலை இழந்தவர்கள் சாவதில்லை. சாம்பல் நிறமாகி, கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். ராஜாவின் சேவகர்களுக்கு நாரை மூக்கு, தரை வரைக்கும் அங்கி. அவர்கள் ஒரு விடியற்காலையில் வந்து, ஒரு குடிசையில் இருந்து ஒரு மனுஷனை இழுத்துக்கொண்டு போவார்கள். அவன் மகள் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவள் தனியாகக் கிளம்பிப் போய், கடைசியில் ஊரையே திரட்டிக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்து அப்பாவின் நிழலை மீட்டு வருவாள். பொம்மைதான். ஆனால் அந்தக் கண்கள் ஈரமாக இருந்தன. எனக்கே முதுகு சில்லிட்டது.

விளக்கைப் போட்டதும் மிராசுதார்தான் முதலில் பேசினார். சேவகர்களின் அங்கி வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. அதுதான் அவருக்கு உறுத்தியது. கட்சிக் கொடியைக் கிண்டல் செய்வதாக ஆகிவிடுமே என்றார். கட்சி உடைந்திருந்த சமயம் வேறு. பிரிந்து போனவர்கள் கொடியிலும் அதே கறுப்பு, அதே சிவப்பு. அதனால் யாரைச் சொல்கிறார்கள் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் சண்டைக்கு வருவார்கள் என்று கவலைப்பட்டார். ஹெட்மாஸ்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என்னிடம், "கருநீலம்னு சொல்லிடுங்க டீச்சர்" என்றார்.

அடுத்து, ஊர் திரண்டு அரண்மனைக்குள் புகுகிற இடம். அதுவும் மிராசுதாருக்குப் பிடிக்கவில்லை. குறுவை அறுவடையில் கூலித் தகராறு நடந்து இரண்டு மாசம்கூட ஆகியிருக்கவில்லை. உள்ளூர் ஆட்கள் கூலி கூட்டிக் கேட்டு அரிவாளைக் கீழே வைத்துவிட, இவர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்க, களத்தில் கைகலப்பாகி, கேஸ், போலீஸ் என்று போயிருந்தது. ஆகவே கூட்டமாகப் போகிறவர்கள் திருவிழாவுக்குப் போகிறார்கள் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று முடிவானது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆபரேட்டர் மட்டும் சுருளைச் சுற்றிக்கொண்டே, குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தையே இந்தப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும்போது யாரும் ஆகுமா ஆகாதா என்று கேட்கவில்லையே என்று முனகினார். 

குழந்தைகளைப் பற்றி யோசித்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்குள் ஒரு பெருமை. பேய் பிசாசுக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள், தாங்கிக்கொள்வார்கள் என்று தோன்றியது. ஒரே ஒரு பெண்ணைப் பற்றித்தான் தயக்கம். ஐந்தாம் வகுப்பு, என் வகுப்புதான். பத்து வயசு. களத்துக் கைகலப்பு கேஸில் உள்ளே போனவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். விடியற்காலையில் போலீஸ் வேன் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பிறகு அவள் வகுப்பில் வாயைத் திறப்பது குறைந்து போயிருந்தது. அப்பாவைப் போலீஸ் வேனுக்குப் பறிகொடுத்த பெண்ணுக்கு, நாரை மூக்குக்காரன் அப்பாவை இழுத்துப் போகிற படத்தைக் காட்டலாமா? கூடாது. மனசில் பதிந்த பயம் மறுபடி கிளறப்படும் என்று புஸ்தகத்தில் இருந்தது. படம் எல்லோருக்கும் ஆகும், இவளுக்கு மட்டும் ஆகாது என்று தீர்ப்பு எழுதினேன். நல்ல தீர்ப்பு என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவளை எப்படி வெளியே வைப்பது? காரணத்தைச் சொன்னால் எல்லோர் முன்னாலும் அப்பா கதையைக் கிளறியதாக ஆகும். வெள்ளிக்கிழமை காலையில் நல்ல மழை. வாசலெல்லாம் சேறு. படம் பார்க்க மிராசுதார் வீட்டிலிருந்தும் ஊர்த்தெருவிலிருந்தும் பெரியவர்கள் வந்திருந்தார்கள். ஹாலுக்குள் செருப்பு வேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டதால் வாசலில் ஒரு செருப்புக் குவியல். எனக்கு யோசனை வந்துவிட்டது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தச் செருப்பையெல்லாம் நாய் தூக்கிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்கிறாயா, உன்னைத்தான் நம்பி விடுகிறேன் என்றேன். குழந்தையிடம் பொறுப்பை ஒப்படைத்தால் பெருமைப்படும் என்பதும் புஸ்தகத்தில் இருந்ததுதான். அவள் என்னைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

படம் பிரமாதமாக நடந்தது. கருநீலம் என்றேன், திருவிழா என்றேன். நாரை மூக்குச் சேவகர்கள் முதல் தடவை வந்தபோது ஹாலே வீறிட்டது. இரண்டாம் தடவைக்குள் பிள்ளைகள் அவர்களுக்குக் 'கொக்குப் போலீஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் தடவை, "டீச்சர், கீழ குச்சி தெரியுது!" என்று ஒருவன் கத்த, அதற்கப்புறம் எல்லோரும் பொம்மையை ஆட்டுகிற குச்சியைத் தேடிச் சிரித்தார்கள். சாக்கில் இருந்த உமித் தூசியில் பாதிப் பேர் தும்மிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

கதவைத் திறந்தபோது அவளைக் காணவில்லை. செருப்புகள் இருந்தன. நான் விட்டுப் போன குவியலாக இல்லை. ஜோடி பார்த்து, சேறு தட்டி, சுவரோரமாக வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். மிராசுதாருடைய கிறீச் கிறீச் என்று சத்தம் போடும் தோல் செருப்பு முதலில் இருந்தது. கெட்டிக்காரப் பெண், வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய், புதன் வரவில்லை. அவள் தெருவில் இருந்து வரும் இன்னொரு பெண்ணைக் கேட்டேன். அவள் இனிமேல் வரமாட்டாள், நாற்றுப் பறிக்கிற இடத்துக்கு அம்மாவோடு போகிறாள் என்று சொன்னாள். எனக்குத் திக்கென்றது. அந்தத் தெருவில் இருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வந்த பெண் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு தடவை நாற்றங்காலில் இறங்கிவிட்டால் திரும்பி வருவது நடக்காத காரியம்.

புதன்கிழமை சாயங்காலம் வாய்க்கால் மதகைத் தாண்டி அவர்கள் தெருவுக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவள் அம்மா அப்போதுதான் நடவில் இருந்து திரும்பியிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. என்னைவிட நாலைந்து வயசு கூட இருந்தால் அதிகம். "வாங்க டீச்சர்" என்றாள். குரலில் மரியாதை இருந்தது, வேறெதுவும் இல்லை. பெண் என்னைப் பார்த்ததும் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

நான் தயாராக வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். படிப்பு, எதிர்காலம், இத்யாதி. அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"செருப்பப் பாத்துக்கறதுக்கா டீச்சர் பள்ளிக்கூடம் அனுப்புறேன்? அதுக்கு ஊர்த்தெருவுலயே வேலை கெடக்கு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. அப்புறம் புரிந்தது. ஒன்றாகப் புரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அந்தத் தெரு ஆட்கள் வாய்க்கால் மதகு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் நடப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். சேறு ஒட்டும் என்று கழற்றுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். சித்திரை வெயிலில் ஏது சேறு என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அந்த வழக்கமெல்லாம் சட்டத்தில் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று நானே வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட தெருப் பெண்ணைத்தான் கதவுக்கு வெளியே நிறுத்தி, ஊர்த்தெரு செருப்புக்குக் காவல் வைத்திருக்கிறேன். அதிலும் முதல் ஜோடி யாருடையது? யாருடைய களத்துத் தகராறில் அவள் அப்பா ஜெயிலில் இருந்தாரோ, அவருடையது.

பெண்ணுடைய நல்லதுக்காகத்தான் செய்தேன் என்றேன். படத்தில் ஓர் ஆளை இழுத்துக்கொண்டு போகிற காட்சி வருகிறது, அப்பா ஞாபகம் வந்து பயந்துவிடுவாள் என்று பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அம்மாள் காலில் இருந்த சேற்றைத் தேங்காய் மட்டையால் வழித்துப் போட்டாள்.

"நானும் அதத்தான் டீச்சர் செஞ்சேன்" என்றாள். "வேன் வந்த அன்னிக்கு, புள்ள பாக்க வேணாம்னு உள்ள தள்ளிக் கதவச் சாத்திட்டேன். சத்தம் மட்டும் கேட்டிருக்கு. அப்பாவ அடிச்சாங்களா, அடிச்சாங்களான்னு இன்னி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கு. அடிக்கல டீச்சர். கூட்டிக்கிட்டுத்தான் போனாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை அவள் ஓடி வந்ததும் அதனால்தான் என்றாள். வெளியே தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளே நடப்பது தெரியாது. சாத்திய கதவுக்குப் பின்னால் மொத்தப் பள்ளிக்கூடமும் வீறிட்ட சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. மழையில் நனைந்துகொண்டே மதகு வரைக்கும் ஓடிவந்து அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. வேறு வார்த்தை தேடிப் பிரயோஜனமில்லை, அவமானம்தான். மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன். அதெல்லாம் எதற்கு என்றாள் அவள். படத்தை மறுபடி போடுகிறேன், அனுப்பி வையுங்கள் என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றேன். சுருளைச் சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் ஏற்றவேண்டும், ப்ரொஜெக்டரைத் திருப்பிக் கேட்கிறார்கள், மறு காட்சிக்கு என்ன காரணம் எழுதுவது என்று குதித்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, பதிவேட்டில் 'சுருள் சரியாக ஓடாததால் மறு காட்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வருவாளா என்று மட்டும் கேட்டார். தெரியாது சார் என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஜன்னலில் சாக்கு கட்டியாயிற்று. அரை நாள் பள்ளிக்கூடம் என்றாலும் படம் என்றதும் ஒரு பிள்ளை விடாமல் வந்திருந்தது. ஊர்த்தெருப் பெரியவர்கள் யாரும் வரவில்லை. அவளையும் காணோம். ஆபரேட்டர் மணியைப் பார்க்கிறார், நான் வாசலைப் பார்க்கிறேன். பத்தரைக்கு மேல் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு அவள் கதவோரம் நிற்கப் போனாள். உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். நான் கதை சொல்வதற்கென்று போட்டிருந்த நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

இந்தத் தடவை கறுப்பைக் கறுப்பு என்றே சொன்னேன். சேவகர்கள் வருவதற்கு முன்னால் ஒரு மத்தளச் சத்தம் வரும். அது கேட்டதும் அவள் உடம்பு விறைத்தது. கண்ணை மூடிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். மூடிக்கொள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல வேளை, சொல்லவில்லை. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, இமைக்காமல், தட்டி இடுக்கில் பார்த்த பொம்மைப் பெண்ணைவிடக் கவனமாகப் பார்த்தாள். நாரை மூக்குக்காரர்கள் அந்த மனுஷனைக் குடிசையில் இருந்து இழுத்துக்கொண்டு போய், பனிமூட்டத்தில் மறைகிற வரைக்கும் பார்த்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் 'குச்சி, குச்சி' என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் பக்கம் சாய்ந்து, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"அடிக்கல டீச்சர். கூட்டிக்கிட்டுத்தான் போறாங்க."

இரண்டு வரிசை பின்னால் இருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கதை சொல்வதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் படம் புரியாத பாஷையிலேயே ஓடியது. பிள்ளைகள்தான் இரண்டாம் தடவை பார்க்கிறார்களே, என்னைவிட நன்றாக அவர்களே கதையைச் சொல்லிக்கொண்டார்கள். ஊர் திரண்டு அரண்மனைக்குப் போகிற இடத்தில், "இப்ப திருவிழா டீச்சர்" என்று எனக்கு ஞாபகப்படுத்தினார்கள். திருவிழா இல்லை, ராஜாவிடம் நியாயம் கேட்கப் போகிறார்கள் என்று திருத்தினேன். மிராசுதார் காதுக்கு அது போனதா இல்லையா, தெரியாது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தால் என் செருப்பில் ஒன்றைக் காணோம். அன்றைக்குக் காவலுக்கு யாரும் இல்லை. நிஜமாகவே நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது! ஒற்றைச் செருப்போடு வாசலில் நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். இரண்டு மாசத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் பாத்துக்கிட்டப்ப ஒண்ணாச்சும் போச்சா டீச்சர்?" என்றாள்.

அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவள் அம்மாகூடச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே சுருக்கென்றது. மிச்சமிருந்த ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர்த்தெரு வழியாக பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன். கப்பிக்கல் ரோடு. ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். எட்டாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் வந்தாள். அடுத்த தை மாசத்தில் அவள் அப்பா ஜாமீனில் வந்தபோது, அவரை அழைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று எனக்குக் காட்டிவிட்டுப் போனாள். அப்புறம் நான் மாற்றலாகிப் போய்விட்டேன். இப்போது எங்கே இருக்கிறாளோ, அவளுக்கே பேரன் பேத்தி இருக்கலாம்.

முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போதும் அக்கம்பக்கத்துப் பெற்றோர்கள், டீச்சரம்மா, இந்தப் படம் குழந்தைகளுக்கு ஆகுமா, ரொம்பப் பயமாக இருக்குமாமே என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.  கதவைச் சாத்தும்போது நல்லதுக்குத்தான் என்று நான் நினைத்ததும், திறந்தபோது சேறு தட்டி, ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்த அந்தச் செருப்புகளும்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன.